பேர் சொல்லி எழுதிய அக்கி

பானை வனைகிற வேளார் வீட்டு வாசல் வரைக்கும் ஆட்டோவைப் போகவிடாமல், ஒரு வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினாள் உமா மகேஸ்வரி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், அதுவும் சீசன் நேரத்தில், யார் எங்கே இறங்கினால் யாருக்கென்ன? அருவிக்குப் போகிற கூட்டம் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மடியில் கனம் இருக்கிறவளுக்கு வழியெல்லாம் பயம்தானே. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். சாரலுக்குப் போட்டிருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

மடியில் கனம் என்றது வெறும் பேச்சுக்கு இல்லை. தொப்புளுக்கு வலப்பக்கம் கிளம்பி, விலாவைச் சுற்றி, முதுகைக் கடந்து, இடப்பக்கம் வந்து நின்றிருந்தது அந்தத் தடிப்பு. சிவந்து பொரிந்து, ஓரமெல்லாம் நீர்க்கொப்புளம். சேலைக்கட்டுக்குள் நெருப்புக் கங்கைச் செருகி வைத்ததுபோல எரிந்தது.

தோல் டாக்டர் அலர்ஜி என்றார். என்ன சாப்பிட்டீர்கள், என்ன சோப் மாற்றினீர்கள், எப்போது ஆரம்பித்தது என்று துருவித் துருவிக் கேட்டார். அவர் தந்த களிம்பைப் பூசினால் அடங்கியது, நிறுத்தினால் கிளம்பியது. பிறகு கைவைத்தியத்தில் இறங்கினாள். குப்பைமேனியை உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசினாள். அருகம்புல் தைலம் தேய்த்தாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளித்தாள். கத்தரிக்காயும் நிலக்கடலையும் அரிப்பைக் கிளப்புகிற கரப்பான் பண்டம் என்று வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மூலிகைத் தண்ணீர் ஆயிற்றே என்று பழைய அருவிக்கடியிலும் போய் நின்றாள். மேலேயிருந்து விழுந்த தண்ணீர் கொப்புளத்தை உடைத்துவிட்டதுதான் மிச்சம். கடைசியில் துணி துவைக்க வருகிற பாத்திமுத்து கண்ணில் அது பட்டுவிட்டது. இது அக்கி, மருந்துக்கு அடங்காது, வேளார் வீட்டில் காவி எழுதினால்தான் இறங்கும் என்றாள் அவள்.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு மட்டும் உமா மழுப்பிவிட்டாள். வெள்ளையடிப்பதற்காக அரங்கைத் திறந்து ஒதுங்க வைத்த அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அரங்கு என்பது அவள் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் குடியிருக்கிற பழைய வீட்டின் நடுவே இருக்கிற, ஜன்னல் இல்லாத சாமான் அறை.

வெள்ளையடித்ததும் காரணத்தோடுதான். வருகிற வெள்ளிக்கிழமை மகள் தர்ஷினியைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். கூடி வருவதும் தட்டிப்போவதுமாக இருந்த பெண்ணுக்கு, இப்போதுதான் எல்லாம் பொருந்திய இடம். பெண்ணின் அம்மாவுக்குத் தோல் வியாதி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், பரம்பரையாக இருக்குமோ என்று எழுந்து போய்விடுவார்கள். இந்த இடமும் போனால் மகள் வீட்டோடு நின்றுவிடுவாள் என்பது உமாவின் பயம்.

அக்கி எழுதுகிற சந்தனமாரி, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உமாவின் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடப்பக்கம் நாலு விரல் இடம்தான் பாக்கி, தலையும் வாலும் முட்டிக்கொண்டால் ஆள் தங்காது, அந்த இடைவெளியில் ஒரு நாயை எழுதிக் காவல் வைக்கவேண்டும் என்றாள். கிண்ணத்தில் காவியைக் குழைத்தாள்.

“பேரைச் சொல்லுங்கம்மா. பேரைச் சொல்லித்தான் எழுதணும். அப்பத்தான் அக்கி கேட்டு இறங்கும்.”

 உமா மகேஸ்வரி என்ற பேர் இந்த வாசலைத் தாண்டினால் சாயங்காலத்துக்குள் தென்காசி ரதவீதியைச் சுற்றி வந்துவிடும். பொய்ப் பேர் சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டினாள். உலகத்தில் பேருக்கா பஞ்சம்? ஒரு லட்சுமி, ஒரு சரஸ்வதி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்குக்கு நரம்பில்லை என்பது சரிதான்.

“குழல்வாய்மொழி” என்றாள்.

குற்றாலத்து அம்மன் பேராச்சே என்று சந்தனமாரிக்கு மகிழ்ச்சி.  உமாவோ தன் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த வீட்டில் யாருமே சொன்னதில்லை.

குழல்வாய்மொழி அவளுடைய கூடப்பிறந்த அக்கா. பெரியவளான வருடத்திலேயே தோல் செதில் செதிலாக உரிய ஆரம்பித்து, எந்த வைத்தியத்துக்கும் நிற்கவில்லை. உமாவைப் பெண் பார்க்க வந்தபோதெல்லாம் அக்காவை அரங்குக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார்கள். போட்டது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, உமாதான். நிச்சயதாம்பூலத்தன்றும் அவள்தான் போட்டாள். சொறிகிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும் என்று முந்தின தடவை அம்மா திட்டியிருந்ததால், கதவைச் சாத்தும்போது சொல்லிவிட்டுத்தான் சாத்தினாள்.

“சொறியாத யக்கா, சத்தம் கேக்கும். என் கல்யாணம் முடியட்டும், திறந்து விடுதேன்.”

என்ன மனசு பாருங்கள். அன்றைக்கு உள்ளேயிருந்து ஏதோ பிறாண்டுகிற சத்தம் வந்தபோது, எலி என்றாள் அம்மா. வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் பேசிச் சாப்பிட்டுக் கிளம்பச் சாயங்காலமாகிவிட்டது. கதவைத் திறந்தால், சத்தம் கேட்கக்கூடாதென்று துண்டைச் சுருட்டித் தன் வாய்க்குள் தானே அடைத்துக்கொண்டு, மூச்சில்லாமல் கிடந்தாள் குழல்வாய்மொழி. கூடப்பிறந்தவள் செத்தால் தீட்டு, கல்யாணம் தள்ளிப்போகும். தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்த இடத்தில் போய்விட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி முடித்தார் அப்பா. ஒரு பெண்ணின் வாழ்வாயிற்றே என்று தெருவும் வாயை மூடிக்கொண்டது. அவளைப் பேர் சொல்லி அழக்கூட இல்லை. அரங்குக் கதவின் தாழ்ப்பாளை மட்டும் அப்பா பிடுங்கி எறிந்தார். அது இருந்த துளை இன்னமும் இருக்கிறது.

அந்தப் பேரைத்தான் சந்தனமாரி இப்போது தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லி, உமாவின் இடுப்பில் காவியால் எழுதிக்கொண்டிருந்தாள். குழல்வாய்மொழி. ஒரு கோடு. குழல்வாய்மொழி. இன்னொரு கோடு. காவி ஜில்லென்று இறங்கியது.

பாதியில் கையை நிறுத்தினாள் சந்தனமாரி.

“ஒவ்வொரு தடவையும் ‘ம்’ கொட்ட வேண்டாம்மா. உடம்பு அசையுது.”

உமா வாயைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே எரிச்சல் நின்றது. காவி தானாக உதிரவேண்டும், தண்ணீர் படக்கூடாது என்று சந்தனமாரி சொன்னபடியே இருந்தாள். செதில் செதிலாக உதிர்ந்தது. கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தாள். தடிப்பு போன இடத்தில் தோல் மினுமினுவென்றிருந்தது. வயதுப் பெண்ணின் தோல். உமாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உலகம்மனுக்குப் பட்டு சாத்துவதாக நேர்ந்துகொண்டாள்.

அப்புறம்தான் விலாவில் இருந்த மச்சத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு அங்கே மச்சம் கிடையாது. அக்காவுக்கு உண்டு.

அதன்பிறகு வீட்டில் அரைத்த குப்பைமேனியின் பச்சை வாடை அடித்தது. அவள் அரைப்பதை நிறுத்தி எத்தனையோ நாளாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் விஜயசங்கர், இப்போதுதானே அரங்குக்குள் போனாய், அதற்குள் எப்படி அடுப்படிக்கு வந்தாய் என்று கேட்டார். அவள் காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. அன்றைக்கே தர்ஷினியும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், அரங்குக்குள்ளே எலி பிறாண்டுகிறது என்றாள்.

எலி.

உமா அரைச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினாள். இந்தத் தடவை ஆட்டோவை வேளார் வாசலிலேயே நிறுத்தினாள். முக்காடும் போடவில்லை. பேர் மாற்றிச் சொன்னதைச் சொல்லி, தன் சொந்தப் பேருக்குத் திருப்பி எழுதச் சொல்லிக் கெஞ்சினாள். சந்தனமாரியின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பேருக்காரி உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் கேட்டாள். உமா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு உடம்புல ரெண்டு பேரு எழுதக் கூடாதும்மா. நான் எழுதினது அவளுக்கு. இறங்கினதும் அவளுக்குத்தான். உங்களுக்கு நான் எழுதவே இல்லையே.”

சொல்லிவிட்டு, காவிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் யாரைப் போய் நோவது? உமா சாரலில் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள்.  வெள்ளிக்கிழமை மட்டும் நல்லபடியாகக் கழியட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வீடு மணத்தது. கேசரிக்கு நெய் உருகிக்கொண்டிருந்தது. தர்ஷினி மாம்பழ நிறப் பட்டில் நின்றாள். உமாவுக்கும் அன்றைக்கு என்னவோ முகம் அத்தனை தெளிவு. இளமையாகிவிட்டாயே என்று விஜயசங்கர்கூடக் கேலி செய்தார். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வெள்ளித் தம்ளர்கள் அரங்குக்குள் இருக்கின்றன என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது அவளுக்கு.

பகல்தானே, வீடு நிறைய ஆள்தானே என்று உள்ளே காலை வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. இல்லாத தாழ்ப்பாள். பழைய இரும்பு, பழைய சத்தம்.

ஒரு ஒளிக்கீற்று மட்டும் அந்தத் துளை வழியாக வந்துகொண்டிருந்தது. அதுவும் மறைந்தது. துளைக்கு அந்தப் பக்கம் யாரோ வாயை வைத்திருந்தார்கள்.

“சொறியாத உமா. சத்தம் கேக்கும்.”

அந்தக் குரல் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் இடுப்பு. அப்புறம் முதுகு, கழுத்து, உள்ளங்கை, கண்ணிமை. கை பட்ட இடமெல்லாம் தோல் செதிலாகப் பெயர்ந்து நகத்துக்குள் ஏறியது. சொறியச் சொறிய இன்னும் உள்ளே, எலும்புக்குப் பக்கத்தில் அரித்தது.

கூடத்தில் பேச்சு கேட்டது. வாங்க வாங்க என்று ஒரு பெண்குரல் வரவேற்றது. உமாவின் குரல்தான், கொஞ்சம் இளசாக. விஜயசங்கர் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணைவிடப் பெண்ணின் அம்மா பளிச்சென்று இருக்கிறார்களே என்று பாராட்டினாள். உங்கள் பேர் என்ன என்று கேட்டாள்.

“குழல்வாய்மொழி.”

யாரும் திடுக்கிடவில்லை. விஜயசங்கர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அம்மன் பேர், நல்ல பேர் என்றார்கள்.

உமா கதவில் அறையக் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. இப்போது கத்தினால் கதவைத் திறப்பார்கள். தோல் உரிந்து ரத்தம் கசிகிற இந்தக் கோலத்தில் அவளைப் பார்ப்பார்கள். அந்த நிமிடமே எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் எந்த இடம் வரும் தர்ஷினிக்கு?

கூடத்தில் மகள் வெட்கத்தோடு ஏதோ பதில் சொல்வது கேட்டது. அவளுக்குப் பிடித்துவிட்டது. குரலிலேயே தெரிந்தது பெற்றவளுக்கு.

கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அது சொறிந்துகொண்டே இருந்தது.

“உள்ள என்னங்க சத்தம்?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

“எலி” என்றது அந்தக் குரல்.

எல்லோரும் சிரித்தார்கள்.

உமாவின் தொண்டைக்குள்ளிருந்து முனகல் கிளம்பியது. அதை அடக்க முடியவில்லை. இருட்டில் தடவியபோது காலடியில் ஒரு துண்டு கிடைத்தது. அரங்கை ஒதுங்க வைத்தபோது அப்படியொரு துண்டு அங்கே இருக்கவில்லை. ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தது. ஈரமாக இருந்தது.

பெற்ற வயிறு என்ன செய்யும்? எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

தட்டு மாற்றுகிற பேச்சு வந்தது. தை பிறந்ததும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. கார் கிளம்பிப் போனது. கொலுசில்லாத கால் ஒன்று மெல்ல நடந்து அரங்குக் கதவுக்கு வந்து நின்றது. துளை மறுபடியும் இருண்டது.

“கல்யாணம் முடியட்டும் உமா. திறந்து விடுதேன்.”

அப்போது கூடத்திலிருந்து, சிரிப்பு இன்னும் அடங்காத குரலில், “அம்மா” என்று கூப்பிட்டாள் தர்ஷினி.

துண்டுக்குப் பின்னால் உமாவின் வாய் அசைந்தது.

“என்னட்டி?” என்று வெளியே ஒரு குரல் பதில் சொல்லிக்கொண்டே போனது.