குழம்பில் ஒரு சாட்சி

"ஐயய்யோ... ஓடியாங்களேன்!"

கான்சாகிப் வாய்க்காலில் துணி துவைக்கப் போன பெண் போட்ட கூச்சலில், எதிர்க்கரை டீக்கடையே கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தது.

படித்துறையில் ஓர் ஆள் குப்புறக் கிடந்தார். கால் இரண்டும் தண்ணீரில். சட்டைப் பையில் காலி பிராந்தி பாட்டில். நாற்றம் குடலைப் பிடுங்கியது!

"கீரப்பாளையம் கோவிந்தசாமிடா! குடிய உட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரே..."

"எங்க உட்டாரு? பையிலல்ல வச்சிருக்காரு!"

செத்தவனைக்கூட விட்டுவைக்காத வாய்கள்!

அலறியடித்துக்கொண்டு வந்த மனைவி சந்திரலேகா, அழவில்லை. ராத்திரி டூட்டிக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துத் தூங்கியவள். போலீஸ்காரர்கள் உடலைப் புரட்டியதும் அவள் கண்கள் கணவன் முகத்தில், சட்டையில், படிக்கட்டில் என்று அலைந்தன.

எதையோ தேடினாள்... கிடைக்கவில்லை.



* * *

இன்ஸ்பெக்டர் உத்திராபதிக்கு அவசரம். கேஸை எழுதி மூடிவிட்டுச் சாப்பிடப் போகிற அவசரம்!

"எழுதிக்கலாமாம்மா? குடிபோதையில தவறி வுழுந்து, மண்டையில அடிபட்டு..."

"அவுரு குடிக்கல சார்."

"வாயெல்லாம் பிராந்தி. சட்டையெல்லாம் பிராந்தி. இன்னும் இன்னா வேணும்? அவரே எழுந்து வந்து சொல்லணுமா?"

பக்கத்து நாற்காலியில் டாக்டர் ஜான்சி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் குடிநோயாளிகளுக்காகச் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறவர். கஞ்சாச் செடியிலிருந்து போதையை நீக்கி எடுத்த ஒரு சத்தை, எண்ணெயில் கரைத்து மாத்திரைக்குள் அடைத்து, அது குடியை மறக்கடிக்குமா என்று முறைப்படி அனுமதி வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

'கஞ்சா குடுத்துச் சாராயத்த நிறுத்துற டாக்டரம்மா' என்று ஊர் சிரித்தது. முள்ளை முள்ளால் எடுக்கிற கதை!

அந்தச் சோதனையில் கோவிந்தசாமிதான் முதல் மார்க். ஆறு மாதமாக ஒரு சொட்டு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு அங்கேயே அட்டெண்டர் வேலையும் கொடுத்திருந்தார் ஜான்சி.

"டாக்டர்... உங்க மாத்திரையே எதாச்சும் பண்ணியிருக்குமா?"

"வாய்ப்பில்ல சார்." ஜான்சியின் குரல் உடைந்தது. "ஆனா அவர் குடிச்சுதான் செத்தார்னு எழுதிட்டீங்கன்னா, என் சோதனை இன்னையோட முடிஞ்சது."

இன்ஸ்பெக்டர் பேப்பரைச் சந்திரலேகா பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவை எடுத்தாள்.

உண்மையைச் சொன்னால், புருஷனைக் கொன்றவள் என்று அவளையே உள்ளே தள்ளுவார்கள். சொல்லாவிட்டால்? குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து செத்தவன் என்கிற பெயர் அந்த மனுஷனுக்கு நிலைத்துவிடும். காலேஜ் போகிற மகளை, 'குடிகாரன் பொண்ணு' என்றே கடைசிவரை கூப்பிடுவார்கள். ஆறு மாதமாகத்தான் அந்தப் பெண் அப்பா கூடப் பஸ்ஸில் ஒன்றாக உட்கார்ந்து போகிறாள்!

சந்திரலேகா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் கொழம்புல பொடி கலந்தேன் சார்!"

ஸ்டேஷனே நிமிர்ந்து பார்த்தது.

"இன்னா பொடி? விஷமா?"

"குடிய நிறுத்துற பொடி. பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் விக்கிறான். சாப்புடறவுங்களுக்கே தெரியாதுன்னான். டாக்டரம்மா மாத்திரை இந்த மாசத்தோட முடியுதுன்னாங்க... அதுக்கப்பறம் இவுரு மறுபடி ஆரம்பிச்சிடுவாரோன்னு பயம் சார். நாலு நாளா கலந்தேன்."

"அடிப்பாவி!"

"கேளுங்க சார்! அத தின்னவங்க ஒரு வாய் குடிச்சாக்கூட மூஞ்சி மொளகாப்பழமா செவந்துடுமாம். கொடலே வெளிய வர்றாப்புல வாந்தி எடுக்குமாம். எங்க வூட்டுக்காரரு மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. சட்டையில துளி வாந்தி இல்ல. நான் நல்லாப் பாத்தேன்... அவுரு குடிக்கல!"

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். ஜான்சி வாங்கி, உறையில் பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்தார். முகம் மாறியது.

"டைசல்ஃபிரம்! டாக்டர் பாக்காம குடுக்கவே கூடாதும்மா இத. ஆளுக்கே ஆபத்து!" அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஆனா இவங்க சொல்றது நிஜம் சார். இது உள்ள இருந்து, மேல பிராந்தி போயிருந்தா... ரகளையாயிருக்கும்!"

உத்திராபதி தன் நோக்கியாவை எடுத்து, போஸ்ட்மார்ட்டம் டாக்டருக்குப் போட்டார்.

"சார், அந்த வாய்க்கால் பாடி... வயித்துல பிராந்தி எவ்ளோ? ...இன்னாது? இல்லவே இல்லியா? ...பின்மண்டையில இரும்புக் கம்பியால அடியா? ...சரிங்க சார்."

போனை வைத்தவர், சந்திரலேகாவை முதல் தடவையாக மனுஷியாகப் பார்த்தார்.

"வாயில இருக்கறது வயித்துல இல்ல. அடிச்சுக் கொன்னுட்டு, அப்புறமா ஊத்தியிருக்கான்!"

அந்த மரியாதை அரை நிமிஷம்தான். போலீஸ் மூளை சும்மா இருக்குமா?

"பொடி கலந்தவ நீ. பிராந்திய ஊத்தினதும் நீயா ஏன் இருக்கக்கூடாது?"

"நான் ஊத்தியிருந்தா பொடிக் கதைய எதுக்கு சார் சொல்லப் போறேன்? கம்முனு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்க மாட்டேனா?"

ஏட்டுகூடத் தலையை ஆட்டினார்!

திடீரென்று ஜான்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார்... முகம் செவந்து, வாந்தி எடுக்கும்னாங்களே..."

"ஆமா?"

"நேத்து ராத்திரி செந்தமிழ்செல்வனுக்கு அப்படியேதான் ஆயிருக்கு! மூஞ்சி, கழுத்தெல்லாம் செக்கச்செவேல்னு... நெஞ்சு படபடப்பு... ஓயாத வாந்தி. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு நர்சிங் ஹோம்ல சேத்திருக்காங்க. மீன் ஒத்துக்கலன்னு அவங்க அம்மா போன் பண்ணாங்க."

"யாரு அந்தச் செல்வன்?"

"என் சோதனைக்குப் பொறுப்பாளர். மாத்திரை அடைக்கிறது, குடுக்கிறது எல்லாம் அவர்தான். ஆனா டீகூடக் குடிக்க மாட்டார் சார். அவ்ளோ ஒழுக்கம்!"

"ஒழுக்கமான ஆளுக்கும் ஒரு கொலை பண்ணா ஒரு வாய் கேக்கும் டாக்டர். ஆனா இந்தம்மா பொடி எப்படி அவன் வயித்துக்குள்ள போச்சு?"

ஜான்சி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள் சந்திரலேகா.

"தெனம் ரெண்டு பேருக்குத்தான் சார் கட்டிக்குடுப்பேன். 'செல்வன் தம்பிக்கும் சேத்து வையி, அவனுக்கு உன் கொழம்புன்னா உசுரு'ன்னு எங்க வூட்டுக்காரருதான் சொல்லுவாரு..."

* * *

ஜீப் கடலூரை நோக்கிப் பறந்தது. சந்திரலேகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நர்சிங் ஹோம் கட்டிலில், வாடிய கீரையாகக் கிடந்தான் செந்தமிழ்செல்வன். கையில் குளுக்கோஸ்.

உத்திராபதி எதுவுமே கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவன் மூக்கருகே நீட்டினார்.

"ஒடம்புக்கு நல்லது தம்பி. ஒரு வாய் அடி."

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினான்.

"வேணாம் சார்! நேத்து ஒரே ஒரு வாய்தான்... செத்தே போயிட்டேன்னு நெனச்சேன்!"

"அப்படியா? மீனுன்னு சொன்னியாமே?"

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற சந்திரலேகாவைச் செல்வன் அப்போதுதான் பார்த்தான். பார்த்ததும் உடைந்தான்.

"எண்ணெயத் திருடிச் சேத்து வச்சு, இப்பதான் வெளிய வித்தேன் சார்... கஞ்சா எண்ணெய்ன்னா பறக்கிற ஆளுங்க இருக்காங்க. மாத்திரைக்குள்ள நல்லெண்ணெய ஊத்தி அடைச்சேன். கோவிந்தசாமி அண்ணன் நேத்து பாத்துட்டாரு. டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு, இல்லன்னா நான் சொல்லுவேன்னாரு. பேசிக்கலாம்னு வாய்க்காலாண்ட கூட்டிட்டுப் போனேன்..."

மத்தியானம் அவர் பங்கு வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, சாயங்காலம் அவர் தலையில் கம்பியை இறக்கியிருக்கிறான். இவனெல்லாம் ஒரு மனுஷப் பிறவி!

"மடையா! அதுல போதையே கெடையாதுடா!" ஜான்சி கத்தினார். "போதைய எடுத்துட்டுத்தானே மருந்து பண்ணோம்!"

"அதான் மேடம்... வாங்கினவன் என்ன அடிக்கத் தேடறான்..."

"எத்தன நாளா இப்படி மாத்தின?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

ஜான்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய உழைப்பு முழுக்க நல்லெண்ணெயாகப் போயிற்று.

சந்திரலேகாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"டாக்டரம்மா... அப்ப எங்க வூட்டுக்காரரு தின்னது மருந்தே இல்லியா?"

"இல்லம்மா."

"அப்படின்னா எதால அவுரு குடிய உட்டாரு?"

ஜான்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்துன்னு நம்பினார். மீதியெல்லாம் அவரேதாம்மா. பொண்ணுக்காக விடறேன்னு வர்றப்பல்லாம் சொல்லுவார்."

காலையிலிருந்து அழாதவள், அந்த ஒரு வார்த்தையில் தரையில் சரிந்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள்.

"நான் நம்பலியே... அந்த மனுஷன நான் ஒருத்தி நம்பாம போயிட்டேனே!"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. உத்திராபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்து அவள் எழுந்தபோது, ஏட்டு செல்வனின் கையைக் கட்டிலோடு விலங்கு போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா... என்ன மன்னிச்சிடுக்கா..."

சந்திரலேகா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கவலப்படாத தம்பி. இனிமே உனக்கு ஜெயில் சாம்பாருதான். அதுல யாரும் எதையும் கலக்க மாட்டாங்க... பருப்பக்கூட!"