கிரீஷ் கொடுத்த தலைப்பலகை

மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நர்ஸ் நாகமணி, அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டரை. படுக்கையறைக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு தலைப்பலகை முளைத்திருந்தது. கதவு உயரம். கறுத்த வால்நட் மரம். உச்சியில் திராட்சைக் கொத்துகள் செதுக்கியிருந்தன. கிட்டே போனால் பழைய மெழுகு வாசனை, அதற்கடியில் லேசாக மருந்து வாடை.

“என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

“கிரீஷ் சும்மாவே குடுத்தான்” என்றான் அவள் கணவன் திருமூர்த்தி, ஆபீஸ் கிளம்பிக்கொண்டே. கிரீஷ் அவன் டீமில் வேலை செய்பவன். “நூத்தம்பது வருஷ ஆன்டிக். ஹீட்டர் இல்லாத காலத்துல, சுவத்துக் குளிர் தலையில படக்கூடாதுன்னு இவ்ளோ உயரமா செஞ்சாங்களாம்.”

அவள் எரிச்சலோடு படுத்தாள். கனத்த திரைகள் பகலை இருட்டாக்கியிருந்தன. ஏசி ஓடி நின்றது.

டொக். டொக். டொக்.

தலைக்குப் பின்னால். மரத்துக்குள்ளே.

மூன்று நாள் அப்படியே. கண் அயர்ந்தால் போதும், தட்டல். குளிரைத் தடுக்கச் செய்த பலகையிலிருந்தே ஒரு குளிர் அவள் நெற்றிக்கு இறங்கியது. ஒவ்வொரு நாளும் தட்டலில் கோபம் ஏறிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் விளக்கைப் போட்டுப் பலகையைத் தடவினாள். இடப் பக்கம், தலையணை மட்டத்தில், மரம் தேய்ந்து குழிந்திருந்தது.

கையை மடக்கி அதில் வைத்தாள்.

விரல் முட்டிகள் கச்சிதமாகப் பொருந்தின.

பெல் எட்டாத நோயாளிகள் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். உடனே கிரீஷுக்கு போன் போட்டாள்.

“இந்தப் பலகை இருந்த கட்டில்ல யார் படுத்திருந்தாங்க?”

“அம்மா. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு.”

“தட்டுவாங்களா?”

“நாள் பூரா. நான் அடுத்த ரூம்லேர்ந்தே ஆபீஸ் வேலை பாப்பேன், மீட்டிங்ல இருப்பேங்க. அப்புறம் ஹெட்போன் போட்டுக்க ஆரம்பிச்சேன்.”

“கடைசி நாள்?”

“அன்னைக்கும் தட்டியிருப்பாங்க.”

நாகமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “ஒரு ராத்திரிக்கு நாப்பது தடவ யாரையோ பெத்தவங்களுக்காக ஓடறேன் நான். உங்களால அடுத்த ரூமுக்கு எழுந்து போக முடியலையா?”

அன்று சாயங்காலமே திருமூர்த்தியை ஒரு பிக்கப் டிரக் கொண்டுவரச் சொல்லி, பலகையைக் கழற்றி ஏற்றி, கிரீஷின் கராஜில் சாய்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் கிரீஷ் போனில் கூப்பிட்டான். குரல் கிசுகிசுத்தது.

“பலகை கராஜ்லதான் இருக்கு. ஆனா சத்தம் அம்மா ரூம்லேர்ந்து வருது. நான் என்ன பண்ண?”

“போய் என்ன வேணும்னு கேளுங்க.”

“பயமா இருக்குங்க.”

அவன் குரலுக்குப் பின்னால் அவளுக்கும் கேட்டது.

டொக். டொக்.

மூன்றாவது தட்டு வரவில்லை. கட்டில் முனகியது. பிறகு ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து இழுத்து, யாரோ நடந்து வரும் சத்தம்.