காற்று இருக்கவேண்டிய இடம்

செவந்தி பந்தை அமுக்கிவிட்டாள். எம்.ஆர்.ஐ மெஷினுக்குள் போகிறவர்கள் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடியலைன்னா இதை அமுக்குங்க என்று சொல்லி அனுப்புவது புதுக்கோட்டையின் அந்த ஸ்கேன் சென்டரில் வழக்கம். மூச்சு முட்டுதென்று அமுக்கியவர்கள் உண்டு, ஒன்றுக்கு வருதென்று அமுக்கியவர்கள் உண்டு, தூங்கிப்போய்க் கை இறுகி அமுக்கிய புண்ணியவதிகூட ஒருத்தி உண்டு. ஆனால் செவந்தி சொன்ன காரணத்தைப் பதினேழு வருச சர்வீஸில் நுஸைபா கேட்டதே இல்லை.

"கீழேருந்து யாரோ கை வைக்கிறாங்க டாக்டரம்மா."

மார்பு ஸ்கேனுக்குப் பெண்கள் குப்புறப் படுக்கவேண்டும். படுக்கிற பலகையில் ரெண்டு குழி வெட்டியிருக்கும்; மார்பு ரெண்டும் அதற்குள் தொங்கும். பலகைக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் திறப்பு உண்டு, மற்றபடி குழிக்குக் கீழே வெறும் காற்றுதான். நர்ஸ் அமுதவல்லி சரியாகப் படுக்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள், டெக்னீசியன் ஷாகிர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து படம் எடுப்பான். வந்த படத்தைப் பார்த்து, இது கட்டி, இது இல்லை என்று எழுதுவது நுஸைபாவின் பிழைப்பு. காலையிலிருந்து இது ஒன்பதாவது கேஸ். கண்ணுக்குள் மிளகாய்ப்பொடி போட்டாற்போல எரிந்தது.

"பயத்துல அப்படித்தாம்மா தோணும். வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பொறவு எடுப்போம்," என்றாள்.

செவந்தி கீரமங்கலத்துக்காரி. மல்லிகைப் பூ பறிக்கிற வேலை. ஆஸ்பத்திரி கவுனைப் போட்டபிறகும் அந்த வாசனை அவளை விட்டுப் போகவில்லை. இடது மார்பில் புற்று என்பது ஊசி குத்திப் பார்த்து உறுதியாகிவிட்டது. நாளைக் காலை தஞ்சாவூரில் ஆபரேஷன். வலது மார்பு சுத்தமா என்று மட்டும் தெரியவேண்டும். சுத்தமென்றால் ஒன்றோடு போகும், இல்லையென்றால் ரெண்டையும் எடுப்பார்கள். அதை எழுதவேண்டியவள் நுஸைபா.

படிக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. மத்தியானம் ரெண்டரை மணி வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்க, உள்ளே ஏசியின் ஈரவாடையும் திரையின் நீல வெளிச்சமும் மட்டும் இருந்தன. மெஷின் ஒரு ஆளுக்கு ஆறு தடவை ஓடும்; கட்டியை வெள்ளையாகக் காட்டுகிற மருந்தை நரம்பில் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த முதல் ஓட்டம் மட்டும் வந்திருந்தது. படத்தைத் திறந்ததும் வெளிச்சத்தைக் குறைத்து, உடம்பைச் சுற்றியிருக்கிற காற்றை மைக்கறுப்பாக்கிவிடுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. காற்றில் பார்க்க என்ன கிடக்கிறது? அன்றைக்கு அசதியில் அவள் விரல் எதிர்ப்பக்கம் உருண்டுவிட்டது. வெளிச்சம் கூடிக்கொண்டே போய், கறுப்பு வெளிறி, வலது மார்புக்குக் கீழே காற்று இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

அமுதவல்லி கையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். எரிச்சலாக வந்தது.

"படம் ஓடுறப்ப உள்ள கைய விட்டீங்களா அமுதா?"

"நான் எங்க மேடம் போனேன்? ஷாகிர் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். வேணும்னா அவரையே கேளுங்க." அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

சதையும் நீரும் உள்ள பொருள்தான் அந்த மெஷினில் சாம்பலாகத் தெரியும். நுஸைபா படத்தைப் பெரிதாக்கினாள். ஐந்து விரல். மேல்நோக்கி விரித்தபடி, மார்பைத் தொடாமல், ரெண்டு அங்குலம் தள்ளி. எலும்பை எண்ணினாள். மனுசர் விரலில் மூன்று எலும்பு, கட்டைவிரலில் ரெண்டு. இதில் நாலு இருந்தது. மறுபடி எண்ணினாள். ஒவ்வொரு விரலிலும் நாலு.

யா அல்லாஹ், தூக்கம் கெட்டால் இப்படியெல்லாம் தெரியும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, போன மாதத்துப் படங்களைத் திறந்தாள். திருமயம் டீச்சர் பிரகதாம்பாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். முதல் ஓட்டத்தில் கை தள்ளி நின்றது. மருந்து ஏற்றிய பிறகு ரெண்டாவது ஓட்டத்தில் சுட்டுவிரல் மார்பைத் தொட்டிருந்தது. நாலாவது ஓட்டத்தில், விரல் தொட்ட அதே இடத்தில், பயறளவு வெள்ளைப்புள்ளி பற்றிக்கொண்டிருந்தது. புற்று என்று அதைத்தான் அவள் எழுதினாள். அன்னவாசல் ஹரிணி, முப்பத்தொரு வயசு, அவளுக்கும் அப்படியே. அதற்கு முந்தியவளுக்கும் அப்படியே. சுத்தமென்று எழுதிய படங்களில் காற்று வெறும் காற்றாக இருந்தது.

அவள் எழுதினதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாரையும் ஊசி குத்திப் பார்த்து, ஆமாம் புற்றுதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தப் புற்று, மெஷினுக்குள் வந்து படுத்த பிறகுதான் அவர்களுக்கு வந்திருந்தது.

வெளியே வந்தபோது செவந்தி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மெஷின் கொஞ்சம் சரியில்லம்மா. திருச்சிக்கு எழுதித் தர்றேன், அங்கிட்டுப் போயி எடுத்துக்கிறீங்களா?"

"நாளைக்கு ஆப்ரேசன் டாக்டரம்மா. படம் இல்லாம வந்தா தேதியத் தள்ளிருவோம்னு சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளியாச்சு." செவந்தி கிளாஸைக் கீழே வைத்தாள். "இனிமே எங்கிட்டும் அலைய எனக்குச் சீவன் இல்ல. ஒண்ணு போறதுக்கு மனசத் தேத்திக்கிட்டேன். இன்னொண்ணையும் எடுத்துட்டா... தெரியலம்மா. நீங்க பாத்து நல்லதா எழுதுங்க."

நல்லதாக எழுதுவதாம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்குங்க மேடம் என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டவும் செய்வார்கள்.

வளையல், மோதிரம், கடிகாரம், தலைத்துணியில் குத்தியிருந்த ஊக்கு, எல்லாவற்றையும் கழற்றி அமுதவல்லியிடம் கொடுத்தாள்.

"நீங்க எதுக்கு மேடம் உள்ள போறீங்க?"

"அந்தம்மா பயப்படுது. கூட இருக்கேன்."

செவந்தி குப்புறப் படுத்தாள். நுஸைபா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மெஷின் வாயில் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத் திறப்பு வழியாக இடது கையை நீட்டி, வலது மார்புக்கு அடியில் உள்ளங்கையைத் தட்டுப்போல ஏந்தினாள். எதுவும் மேலே வரவேண்டுமென்றால் அவள் கையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அமுதவல்லி கதவைச் சாத்தினாள். மெஷின் முதலில் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்து, அப்புறம் தகரத்தை உலுக்குவதுபோல அலற ஆரம்பித்தது. பலகை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, மல்லிகை வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து தொண்டையில் வந்து அடைத்தன. குழிக்குள் செவந்தி உடம்பின் கதகதப்பு இருந்தது. நல்லவேளை, வேறொன்றும் இல்லை என்று நினைத்தாள்.

அப்போது அந்தக் கதகதப்பு குறைந்தது.

புறங்கையில் ஏதோ பட்டது. ஈரமில்லை. குளிர்ச்சி. தடவிப் பார்த்தது. சுண்டுவிரல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலே வர வழி தேடியது.

கையை உருவிக்கொள்ளலாம். உருவினால் அது செவந்தியைத் தொடும்.

உருவவில்லை.

விரலிடுக்குகளில் விரல்கள் நுழைந்தன. ஒன்று. ரெண்டு. மூன்று. இறுக்கின. மெஷின் நின்றது. திரும்பத் தொடங்கியது. நாலாவது ஓட்டம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது. மணிக்கட்டு குளிர்ந்தது. ஆறாவது. முழங்கை.

"முடிஞ்சிருச்சு மேடம்," என்றான் ஷாகிர் ஒலிபெருக்கியில்.

"இந்தத் தடவ ஒண்ணுமே தெரியல," என்று எழுந்தாள் செவந்தி. முகம் தெளிந்திருந்தது. "நீங்க கூட இருந்ததாலதான்."

படிக்கிற அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். இடது மார்பில் ஏற்கெனவே தெரிந்த கட்டி இருந்தது. வலதில் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்று முறை பார்த்தாள். வலது மார்பு இயல்பாக உள்ளது என்று டைப் அடித்து அனுப்பினாள். அமுதவல்லி அதைப் படித்துச் சொல்லியிருக்கவேண்டும். சுவருக்கு அப்பால் செவந்தி வாய்விட்டு அழுவது கேட்டது. நிம்மதி அழுகை. இத்தனை வருசத்தில் ஒருத்தியையாவது காப்பாற்றினோம் என்று நுஸைபாவுக்கும் நெஞ்சு நிறைந்தது.

அதோடு அந்தப் படத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள்.

ரெண்டாவது ஓட்டத்தில் அவள் உள்ளங்கை. அதற்குக் கீழே மற்றது. மூன்றாவதில் ரெண்டும் கோத்திருந்தன. ஐந்தாவதில் அது அவள் மணிக்கட்டின்மேல் ஊர்ந்திருந்தது. ஆறாவதில் அவள் கை மட்டும். குழியைச் சுற்றிக் காற்று, வெறும் காற்று.

அறையில் ஏசி ஓடியது. அவளுடைய ரெண்டு கையும் மேசைமேல் இருந்தன.

மேல்துணிக்குள், அக்குளைத் தாண்டி, இடது மார்பின் அடியில், நாலு நாலு கணுவாக மடங்கி, ஐந்து குளிர்ந்த விரல்கள் அவசரமில்லாமல் இடம் பார்த்துக்கொண்டிருந்தன.