சோம்பேறிப் பலகையும் ஒரு குதிரையும்

என்னை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா கொண்டுவந்து கொடுத்த டேப்லெட்டுக்கு நான் வைத்த பெயர் சோம்பேறி. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று மாமா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மாமாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. யாருக்கும் தெரியாத பொருள்களைத் தேடிப் பிடித்து வாங்குவார்.

"இதுல படம் பார்க்கலாமா மாமா?"

"முடியாது."

"கேம்?"

"முடியாது."

"கலராவது வருமா?"

"கறுப்பு, வெள்ளை, நடுவுல கொஞ்சம் சாம்பல்."

"அப்ப இதுல என்னதான் முடியும்?"

"படிக்கலாம். எழுதலாம்," என்றார் மாமா, யானையை வாங்கிக் கொடுத்தவர் மாதிரி. "இது மின்தாள். திரையில வெளிச்சமே வராது, கண்ணு வலிக்காது. நிஜத் தாள்ல எழுதற மாதிரியே இருக்கும். உள்ள ஓடறது லினக்ஸ்னு ஒரு மென்பொருள். திறந்த மூலம். அதாவது, இது எப்படி வேலை செய்யுதுன்னு யார் வேணாலும் உள்ள போய்ப் பார்க்கலாம். பிடிக்காததை நீயே மாத்திக்கலாம்."

"இது மெதுவா இருக்கறது எனக்குப் பிடிக்கல."

"மாத்திக்கோ!"

"எப்படி?"

"அதான் திறந்து கிடக்கே, பாரேன்!"

அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. எங்கேயோ மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்களாம். மாமா ஓடிவிட்டார். நானும் சோம்பேறியும் மாட்டிக்கொண்டோம். எங்களைத் திறந்துவிட யாரும் வரவில்லை.

ஒரு பக்கம் திருப்பினால், திரை முழுக்கக் கறுப்பாகும். பிறகு வெள்ளையாகும். மறுபடி கறுப்பு. அதற்குப் பிறகுதான் அடுத்த பக்கம் வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே கூத்து. ஒரு பக்கம் படிக்க ஒரு கண் சிமிட்டல் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பொறுத்துப் பார்த்தேன். நான்கு நாள். பிறகு அமைப்புகளுக்குள், அதாவது செட்டிங்ஸுக்குள், நுழைந்தேன்.

அங்கே இன்னொரு தொல்லை. பாதி தமிழில் இருந்தது, பாதி ஆங்கிலத்தில். யாரோ ஆசையாக மொழிபெயர்க்க உட்கார்ந்து, நடுவில் சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்கள் போல. நல்லவேளை, எனக்கு வேண்டியது தமிழ்ப் பாதியில் இருந்தது: "திரையை முழுதாகத் துடை: ஒவ்வொரு பக்கமும். பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை. ஒருபோதும் வேண்டாம்."

"ஒருபோதும் வேண்டாம்" என்பதை அழுத்தினேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

சோம்பேறி சுறுசுறுப்பானது. கறுப்பும் இல்லை, சிமிட்டலும் இல்லை. மாமாவை அன்று மனதுக்குள் பாராட்டினேன்.

எங்கள் வகுப்பில் மாதம் ஒரு பத்திரிகை போடுவோம். இந்த மாதப் பொறுப்பு எனக்கும் பென்சிலுக்கும். பென்சில் என் தோழி. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். கதை என்னுடையது, படம் அவளுடையது. கதையின் நாயகன் ஒரு குதிரை. எல்லாவற்றையும் சோம்பேறியிலேயே எழுதி, வரைந்து, பள்ளியில் அச்செடுக்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலை டீச்சரிடம் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறேன் என்று பென்சில் சொல்லியிருந்தாள்.

இரண்டு ஆனது. இரண்டரை ஆனது. மூன்று ஆனது. இரண்டு வாரமாகவே இப்படித்தான். குதிரை எங்கே என்றால், "கொண்டு வரேன்" என்பாள். போன வாரம் சோம்பேறியில் ஒன்று வரைந்து காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு வாலாட்டுமோ என்று தோன்றியது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது உள்ளேயே கிடந்து ஊறிக்கொண்டிருந்தது.

மூன்று நாற்பதுக்கு நான் பேனாவை எடுத்தேன். வெற்றுப் பக்கத்தில் மடமடவென்று எழுதினேன்.

"அவள் ஒரு சோம்பேறிப் பெண். நேரம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. குதிரை வரை என்றால் நாய் வரைகிறாள். அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்."

எழுதி முடித்ததும் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இது யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. கோபம் என் விரல் வழியாக இறங்கிப் போவதற்கு, அவ்வளவுதான்.

அழைப்பு மணி அடித்தது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் அழித்தேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. கதவைத் திறந்தேன்.

"மணி மூணே முக்கால்," என்றேன்.

"தெரியும்டி. ஸாரி," என்றாள் பென்சில். அவள் விரலெல்லாம் கரி.

"இந்தா. சீக்கிரம் வரை."

என் அறையில் விளக்கு மங்கல். வெளிச்சத்துக்காக அவள் சோம்பேறியை எடுத்துக்கொண்டு முன்னறை ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் அறைக்குள் கதையின் கடைசிப் பத்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் வந்து வாசலில் நின்றாள்.

"நான் வரையல. நீ வேற ஆளைப் பார்த்துக்கோ."

"என்னடி ஆச்சு?"

செருப்பை மாட்டினாள். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் மேடையில் கிடந்த சோம்பேறியைப் பார்த்தேன். இதுதான் ஏதோ செய்திருக்கும்! அவள் வரைந்ததை விழுங்கியிருக்கும். மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, உங்க டேப்லெட் என் ஃப்ரெண்டைத் துரத்திடுச்சு!"

"என்னது? நான் லிஃப்ட் மேல நிக்கறேன், சரியா கேக்கல..."

இணைப்பு அறுந்தது. அவர் எப்போதும் லிஃப்ட் மேலேயோ கீழேயோதான் இருப்பார்.

அந்த நேரம் பார்த்து அம்மா முன்னறைக்கு வந்தார். அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். டம்ளரைக்கூட அப்படித்தான் பார்ப்பார். சோம்பேறியையும் எடுத்தார், சாய்த்தார்.

"அட, கதையா? நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்க," என்றார். பிறகு சத்தமாகப் படித்தார். "அவள் ஒரு சோம்பேறிப் பெண். நேரம் என்றால் என்னவென்றே... ஏன்டி இவ்வளவு மங்கலா எழுதியிருக்க? குதிரை வரை என்றால் நாய் வரைகிறாள்... யாருடி இந்தப் பொண்ணு?"

அது நான் அழித்த வரி.

பிடுங்கிப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் வெள்ளைத் தாள். சாய்த்தால், சாம்பல் நிறத்தில், என் கையெழுத்து. ஒரு எழுத்துகூடக் குறையாமல்.

அமைப்புகளுக்குப் போய் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். "முழுதாகத் துடைக்காவிட்டால், அழித்த எழுத்தின் நிழல் திரையில் தங்கும்."

முதலில் வந்தது கோபம்தான். சோம்பேறி மேல். மாமா மேல். பாதியில் சாப்பிடப் போன அந்த மொழிபெயர்ப்பாளர் மேல். இதைப் பொடி எழுத்திலா போடுவார்கள்? அழித்துவிட்டேனே, அழித்ததை யார் படிக்கச் சொன்னது என்று பென்சில் மேல்கூடக் கொஞ்சம் வந்தது. எல்லோரையும் சுற்றிவிட்டு அந்தக் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போனது. சோம்பேறி தானாக எதையும் எழுதவில்லையே.

"முழுதாகத் துடை" என்ற பொத்தான் அங்கேயே இருந்தது. ஒரு தட்டு, எல்லாம் போய்விடும். பிறகு அவளிடம், "நீ தப்பாப் படிச்சுட்டடி, அப்படி எதுவும் இல்லையே, பாரு" என்று சொல்லலாம். நம்பினாலும் நம்புவாள்.

விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. அவள் நம்பிவிட்டால் அதைவிட மோசம் என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டேன்.

சோம்பேறியையும் கீழே விழுந்த பென்சிலையும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பென்சிலின் அப்பா சலவைக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. தொங்கும் சட்டைகளுக்கு நடுவே புகுந்து போகவேண்டும். சூடான துணி வாசனை. கடைசி வரிசைக்குப் பின்னால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள் வைத்து மடிப்பார்களே, அந்த வெள்ளை அட்டைகள் அவளைச் சுற்றிக் கிடந்தன. எல்லாவற்றிலும் குதிரை. பதினொன்று எண்ணினேன். ஓடும் குதிரை, திரும்பிப் பார்க்கும் குதிரை, ஈ தொந்தரவு செய்ததால் காதை மடக்கிய குதிரை. ஒன்றுகூட வாலாட்டாது.

"இதெல்லாம்..."

"எதுக்கு வந்த?"

"இவ்வளவு நல்லா வரைஞ்சிருக்க. அதுல மட்டும் ஏன்..."

"அதுல பேனா இங்க போகுது, கோடு அப்புறமா வருது," என்று வெடித்தாள். "நான் காலு போடும்போதுதான் கழுத்தே வருது! இங்க அட்டையில போட்டுப் பழகிட்டு, அங்க வந்து போடலாம்னு பார்த்தேன். அதான் லேட்டு."

"சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா? 'அது லினக்ஸ், திறந்து கிடக்கு, மாத்திக்கலாம்'னு அரை மணி நேரம் பேசுவ."

பேசியிருப்பேன்தான்.

சோம்பேறியை அவள் முன்னால் வைத்தேன். "நான் எழுதினதுதான். அழிச்சா போயிடும்னு நெனச்சேன். எழுதியிருக்கவே கூடாது. ஸாரிடி." மன்னிப்புக் கேட்டாயிற்று, ஆனாலும் எடை சமமாகவில்லை. எனக்குத் தோன்றிய ஒரே காரியத்தைச் செய்தேன். பேனாவை அவளிடம் நீட்டினேன். "நீயும் எழுது. என்னைப் பத்தி. உனக்குப் பிடிக்காதது எல்லாம்."

"சும்மா இரு."

"நிஜமாத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். ஓரிரு வரி எழுதுவாள் என்று நினைத்தேன். பக்கம் நிரம்பியது. திருப்பி அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"இன்னுமா?" என்றேன்.

"நீதானே எல்லாம்னு சொன்ன."

வாங்கிப் படித்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்கிறாய். நான் பாதி சொல்லும்போதே மீதியை நீ சொல்லிவிடுகிறாய், அதுவும் தப்பான மீதி. என் அழிரப்பரைக் கடிக்கிறாய். எல்லோரிடமும் "இவள் என் கதைக்குப் படம் போடுகிறவள்" என்று சொல்கிறாய். பத்திரிகை இரண்டு பேருடையது.

கடைசி வரியில் நின்றுவிட்டேன். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். டீச்சரிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன். சொன்னபோது அது நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது. இப்போது அவள் கையெழுத்தில் படித்தால் காது சுட்டது.

"ரப்பரை ஒரே ஒரு தடவைதான் கடிச்சேன்," என்றேன்.

"மூணு."

"சரி, மூணு. கடைசியா எழுதினது உண்மை. நான் அப்படிச் சொன்னது தப்பு."

"எனக்கு என்னன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"கோபம்."

"பாரு! பாரு! மறுபடி!"

வாயைப் பொத்திக்கொண்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று முகத்தை இழுத்துப் பிடித்தாள். முடியவில்லை.

"எனக்கு என்னன்னா," என்றாள் மெதுவாக, "அழுகையா வந்துச்சு. அவ்வளவுதான்."

நான் எதையும் முடித்து வைக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அட்டையிலயே வரைடி," என்றேன். "கதையை மட்டும் அதுல எழுதி அச்செடுப்போம். படத்துக்கு இடம் விட்டுட்டா, அட்டையை வெட்டி ஒட்டிக்கலாம். எல்லாத்தையும் அதுலயே செய்யணும்னு பிடிவாதம் பிடிச்சது நான்தான்."

"மேல ரெண்டு பேர் பேரும்."

"ஒரே அளவு எழுத்துல."

பொடி எழுத்தைப் பற்றி எனக்கு அன்று ஒரு தனி அபிப்பிராயம் வந்திருந்தது.

பென்சிலை அவளிடம் கொடுத்தேன். புது அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். முதுகில் ஆரம்பித்தாள். கழுத்துக்குப் போனாள். நிறுத்தினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி முதுகு. கடையில் இஸ்திரிப் பெட்டி புஸ் புஸ் என்றது. தொங்கும் சட்டைகளை எண்ணினேன். நாற்பத்தாறு. திருப்பி எண்ணினேன். நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து குதித்துக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கதை எழுதுவதைவிட, லினக்ஸைவிட, உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பென்சில் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "போனாப் போகுது. ஒரே ஒரு தடவை கேட்டுக்கோ."

"முடிஞ்சுதா?"

"இல்ல," என்றாள். குதிரைக்கு இன்னும் மூன்று கால் பாக்கி இருந்தது. நான் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தேன்.