பூஜ்யத்துக்கும் கீழே

கணினித் திரையில் ஈயம் என்ற வரிக்கு எதிரே வந்த எண் பூஜ்யத்துக்கும் கீழே நின்றது. ஜோசெத் அதே பாலை வேறு குழாயில் ஊற்றி எந்திரத்தை மறுபடி ஓட்டினாள். அதே எண். ஒரு பொருள் இல்லாமல் இருக்கலாம். இல்லாததற்கும் குறைவாக எப்படி இருக்கும்?

"ரெனே, இது யாரோட பால்?"

"புது டீச்சரம்மாவோடது. போன வாரம்தான் கடற்கரைப் பக்கத்துலேர்ந்து வந்தாங்க," என்றான் உதவியாளன், கோட்டை மாட்டிக்கொண்டே. "எந்திரத்துக்கும் குளிர்ல புத்தி பேதலிச்சிருக்கும். கிளம்புங்கக்கா."

அவன் போனபின் எந்திரத்தின் உறுமல் மட்டும் மிஞ்சியது. அமில நெடியும், ஜன்னல் இடுக்கில் கசிந்த ஈய உருக்காலைப் புகையின் தீக்குச்சி வாசனையும், அவள் சட்டைக்குள் கட்டிக்கொண்ட பாலின் புளிப்பும் ஒன்றாய்க் கலந்து நெஞ்சில் ஏறின. தாய்மார் பாலில் துத்தநாகம், இரும்பு, ஈயம் எல்லாம் அளப்பது அவள் வேலை. உருக்காலைக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தியவர்களிடம், "நம்ம பால்ல ஈயமே இல்லடி, தைரியமாக் குடு" என்று சொன்னவளும் அவள்தான். ஊர் வாயை மூடிவிட்டாள். உலை வாயை யாரும் மூடவில்லை.

பாலை அளக்க, ஈயமில்லாத பால் ஒன்று முதலில் வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துத்தான் எந்திரம் மற்றதை அளக்கும். வெளியூரிலிருந்து வரவேண்டிய அந்தப் பால் பனியில் மாட்டிக்கொண்டபோது, ஜோசெத் தன் பாலையே வைத்தாள். நம்மைவிடச் சுத்தம் யார் என்ற திமிர், வேறென்ன.

பூஜ்யம் என்பது அவளுடைய பால். அதில் இருந்த அதே ஈயம் ஊர்ப் பால் எல்லாவற்றிலும்; அதனால்தான் எல்லாமே பூஜ்யம் காட்டின. டீச்சருடையது ஒன்றுதான் சுத்தம்.

ஐயோ!

வெளியே ஓடினாள். மதியம் சாய்ந்ததுமே இருட்டிவிட்டிருந்தது. காலடியில் சாம்பல் படிந்த பனி நறநறத்தது. வீட்டுக்கு வீடு விளக்கு. தொட்டில் இருக்கும் வீடுகள். அவள் தைரியம் சொன்ன வீடுகள். ஒரு குழந்தையும் அழவில்லை. இந்தக் குளிர்காலம் முழுவதும் எதுவும் அழுததாக நினைவில்லை. சமர்த்துப் பிள்ளைகள் என்று எல்லோரும் பூரித்தார்கள். அவளும்தான்.

கதவைத் தள்ளினாள். கணவன் லியோ உருக்காலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். மடியில் எமில். காலையில் அவள் பீய்ச்சி வைத்த பால், புட்டியில்.

"குடுக்காத! பிடுங்கு!"

"ஏன்டி கத்துற? ஒரு சொட்டு விடாமக் குடிச்சிட்டான். அழவே இல்ல, என் தங்கம்."

புட்டியைப் பறித்தாள். காலி.

எமில் அழவில்லை. அவளைப் பார்த்தான். மெதுவாகச் சிரித்தான். புதிதாக முளைத்த இரண்டு பற்கள். அவற்றுக்குக் கீழே, ஈறில், பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு நீலக்கோடு, உடம்பில் ஈயம் ஏறினால் விழும் கோடு.

இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

அவள் சட்டைக்குள் பால் சூடாகச் சுரந்து வழிந்தது.