கூரையில்லாத வீட்டுக்கு என்ன வேண்டும்?

பைக்குள் கையை விட்டு ஒரு பனிக்காலச் சட்டையை இழுத்தாள் சஜிதா. அது வந்துகொண்டே இருந்தது. தடியான, மெத்தை போன்ற சட்டை. அதற்குள் இரண்டு பேர் நுழையலாம்.

“யமிலெத், உங்கள் ஊரில் பனி பெய்யுமா?”

“எங்கள் ஊரிலா? ஐஸ்கிரீம் வாங்கிக் கடைவாசலைத் தாண்டுவதற்குள் உருகிவிடும்!”

யமிலெத்தின் ஊர் கியூபாவில் இருக்கும் சந்தியாகோ. போன மாதம் சாண்டி என்ற பெரும்புயல் அந்த ஊரைப் புரட்டிப் போட்டது. அவளுடைய சித்தி வீட்டுக் கூரை பறந்தே போய்விட்டது. அந்தத் தெருவில் பல வீடுகளுக்கும் அதே கதிதான்.

சிட்னியில் செவன் ஹில்ஸைச் சுற்றி வாழும் கியூபா, சிலி, எல் சல்வடோர் குடும்பங்கள் ஒன்றுகூடின. கப்பலில் ஏற்றும் கன்டெய்னர், அதாவது பெரிய இரும்புப் பெட்டி, ஒன்று கிடைத்தது. அதில் உதவிப் பொருள்களை நிரப்பி ஞாயிறு மாலை துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். யமிலெத்தின் அம்மா ஓடாலிஸ்தான் பொறுப்பு. அவர் ஓர் ஓவியர்.

சனிக்கிழமை காலை, வகுப்புத் தோழிக்கு உதவலாம் என்று சஜிதாவும் மண்டபத்துக்கு வந்திருந்தாள். அங்கே பைகள் மலைபோலக் குவிந்திருந்தன. திறக்கத் திறக்க வேடிக்கைதான். ஒரு கலியாண கவுன். ஒரு மென்மயிர் மேலங்கி. ஜோடியில்லாத குதியுயர்ந்த செருப்பு. டை எனப்படும் கழுத்துப்பட்டிகளோ எண்ண முடியாத அளவுக்கு!

யமிலெத் சிரித்தாள். ஆனால் ஓடாலிஸ் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“எல்லோரும் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். இது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கூரையில்லாத வீட்டில் என் தங்கை கழுத்துப்பட்டியை வைத்து என்ன செய்வாள்?”

சஜிதாவின் கை அப்படியே நின்றது.

அவளுக்கு ஒரு கவுன் ஞாபகம் வந்தது. பொன் சரிகை வைத்த கவுன். மூன்று வருடங்களுக்கு முன், இலங்கையில் வவுனியா முகாமில் அவர்கள் கூடாரத்தில் இருந்தபோது யாரோ கொடுத்தது. அப்போது நல்ல மழை. கூடாரத்தை இழுத்துக் கட்டக் கயிறு இல்லாமல் அம்மா அலைந்துகொண்டிருந்தார். சஜிதா சரிகைக் கவுனோடு சேற்றில் நின்றாள்.

இதை அவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ‘படகில் வந்த அகதி’ என்று ஒருவன் ஒருமுறை கேலி செய்த பிறகு, பழைய கதை எதற்கும் அவள் வாயே திறப்பதில்லை.

இன்றும் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் கழுத்துப்பட்டிகள் சந்தியாகோவுக்குப் போய்விடுமே!

அவள் எழுந்து நின்றாள். “அன்ரி, நான் கூடாரத்தில் இருந்திருக்கிறேன்.”

பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“எங்கள் ஊரில் சண்டை. வீடு போய்விட்டது. அப்போது எங்களுக்குக் கயிறு வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்க வாளி, கை கழுவச் சவர்க்காரம், டார்ச் லைட்... எனக்கு ஒரு பென்சிலும் வேண்டியிருந்தது.”

“நீ இதையெல்லாம் சொன்னதே இல்லையே!” என்றாள் யமிலெத்.

“நீ கேட்டதே இல்லையே!”

ஓடாலிஸ் சஜிதாவின் தோளைப் பற்றினார். “இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? நாளை மாலை லொறி வந்துவிடும்.”

சஜிதா யோசித்தாள். “நீங்கள் படம் வரைவீர்களே, அன்ரி. பெரிய துணியில் கூரையில்லாத வீடு ஒன்றை வரையுங்கள். உள்ளே என்னென்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன். அதைத் தெருவழியே தூக்கிக்கொண்டு போவோம்.”

யமிலெத் துள்ளினாள். “எங்கள் ஊர்த் திருவிழா மாதிரி! மேளம் அடித்து, வேஷம் போட்டு!”

“வேஷத்துக்கு உடுப்பு?” என்று கேட்டார் ஓடாலிஸ்.

இரண்டு சிறுமிகளும் மெதுவாகத் திரும்பி அந்தத் துணிமலையைப் பார்த்தார்கள்.

மத்தியானம் சஜிதாவைக் கூட்டிப்போக அம்மா புஸ்பராணி வந்தார். மகளின் கையில் கத்தரிக்கோல்.

“என்ன பிள்ளை இது? கலியாண உடுப்பை வெட்டுறாய்?”

“நாளைக்கு ஊர்வலம் அம்மா.” சஜிதா குரலைத் தாழ்த்தினாள். “நாங்கள் முகாமில இருந்ததை எல்லாருக்கும் சொல்லிப் போட்டன்.”

அம்மா துணியில் வரைந்திருந்த வீட்டைப் பார்த்தார். அதன் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார்.

“கத்தரிக்கோலை இஞ்ச தா. நீ வெட்டினால் கோணலாய்ப் போகும்.”

ஞாயிறு காலை ஊர்வலம் கிளம்பியது. பனிக்காலச் சட்டைக்குள் தலையணை அடைத்த ஒருவர் புயலாகச் சுழன்றார். கலியாண கவுன் கடல் அலையாக மாறியிருந்தது. கழுத்துப்பட்டிகள் தென்னோலையாகத் தொங்கின. மேளத்தோடு சட்டிமூடிகளும் சேர்ந்து முழங்கின. முன்னால் சஜிதாவும் யமிலெத்தும் படத்தை ஏந்தி நடந்தார்கள்.

மக்கள் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

“யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லையே,” என்றாள் யமிலெத்.

“முதலில் ஒருவரைக் கேட்போம். வா,” என்றாள் சஜிதா.

தெருமுனையில் கிருஷ்ணசாமியின் இரும்புச் சாமான் கடை இருந்தது. மலேசியாவிலிருந்து வந்தவர் அவர். சிறுமிகள் படத்தோடு கடைக்குள் நுழையப் பார்த்தார்கள். படம் வாசலில் சிக்கிக்கொண்டது.

“அங்கிள், இந்தப் படத்தில இருக்கிறதில உங்கட கடையில என்ன இருக்கு?”

கிருஷ்ணசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “என்னாம்மா இப்படிக் கேட்டுட்டே? எல்லாமே இருக்கு லா! ஆமா, கூரை இல்லன்னா மேலே விரிக்கத் தார்ப்பாய் வேணுமே, அது எங்கே?”

சஜிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மறந்துபோனன்!”

“நான் மறக்கல,” என்றார் அவர். தார்ப்பாய்களைத் தலையிலும் கயிற்றுச் சுருளைத் தோளிலும் ஏற்றிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். மேளத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் ஆடவும் செய்தார்.

அதைப் பார்த்ததும் தெரு மாறியது. ஒரு பெண் வீட்டுக்குள் ஓடி இரண்டு வாளிகளோடு வந்தார். ஒரு தாத்தா டார்ச் லைட் கொண்டுவந்தார். மருந்துக்கடைக்காரர் சவர்க்காரப் பெட்டியையே தூக்கி வந்தார். சின்னப் பிள்ளைகள் பென்சில்களோடு ஓடிவந்து படத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஊர்வலம் மண்டபத்துக்குத் திரும்பியபோது அதன் வால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

மாலையில் லொறி வந்தது. கப்பல் பெட்டி நிரம்பிவிட்டது. கதவுதான் மூட மறுத்தது.

“சிலதை எடுத்துவிடுவோமா?” என்றார் லொறிக்காரர்.

“வேண்டாம்!” என்று சஜிதா உள்ளே ஏறினாள். வாளிக்குள் வாளியை வைத்தாள். வாளிகளுக்குள் சவர்க்காரத்தையும் பென்சில்களையும் திணித்தாள். “இப்போது தள்ளுங்கள்!” என்று கீழே குதித்தாள்.

ஓடாலிஸ், அம்மா, கிருஷ்ணசாமி, யமிலெத் எல்லோரும் கதவில் முதுகைச் சாய்த்துத் தள்ளினார்கள். டமார்! மூடிக்கொண்டது.

லொறி தெருமுனையில் திரும்பி மறையும்வரை யமிலெத் தோழியின் கையை விடவேயில்லை.

“களைச்சுப் போனியோ?” என்று கேட்டார் அம்மா.

“இல்லை அம்மா,” என்றாள் சஜிதா. “இப்பதான் பசிக்குது.”