குண்டு பட்ட நொடியில்

மழைக்கு ஒதுங்க, கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“சிவப்பு லைட் எரியுதே... கண்ணு தெரியலையா?”

கிரீஸ் படிந்த கையால் மறித்தவனை அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘துப்பாக்கிக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குப் பின்னால், அறை நீளத்துக்கு ஒரு குழாய்; அதுதான் துப்பாக்கி. வாயு அழுத்தத்தில் பாயும் குண்டு இரும்புத் தகட்டில் மோதும். அந்த நொடியில் இரும்புக்குள் என்ன மாறுகிறது என்று எக்ஸ்ரே படம் எடுக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

“கண்ணு தெரியும். கண்ணாடிதான் நனைஞ்சிருச்சு.”

கழற்றித் துடைத்தாள். இமையில் ஒரு துளி நின்றது... அவன் பார்வையும் அங்கேயே நின்றது.

அடுத்து வந்த நாட்களில், அவள் கொண்டுவந்த மூன்று தகடுகளில் இரண்டு வீணாயின. எக்ஸ்ரே பாய்வதற்குள் அதிர்வு தகட்டைக் கடந்துவிட்டிருந்தது.

“உங்க குண்டு அவசரக்குடுக்கை” என்றாள்.

“உங்க எக்ஸ்ரே ஆடி அசைஞ்சு வருது. அதுக்கு என் குண்டு என்ன பண்ணும், மேடம்?”

 தலைமை விஞ்ஞானி அவள் சொன்னதை ஏற்று, துப்பாக்கியை முழுதாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஒதுக்கிய நாட்களோ மறுநாளோடு முடிகின்றன.

காலையில் அவள் எக்ஸ்ரேக்குச் சமிக்ஞை போகும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். பாதியிலேயே புரிந்துவிட்டது. முகம் சுட்டது. வாயை மூடிக்கொண்டு திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது... ஆனால் அங்கே அவன் ஸ்பானரை எடுத்துவிட்டான்.

“பிரிக்காதீங்க. தப்பு என்னுது.”

“என்ன தப்பு?”

“சிக்னல் அனுப்பற என் மேசைய ஜன்னலோரம் நகர்த்தினேன். அதுக்காக நீளமான கம்பி போட்டேன். சிக்னல் லேட்டாகும்ல... கணக்குல சேர்க்க மறந்துட்டேன்.”

“ஏன் நகர்த்துனீங்க? காத்து வரலையா?”

“இல்ல... அங்கேர்ந்து பாத்தா நீங்க தெரியுறீங்க.”

அவன் ஸ்பானரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் செருகப் பார்த்தான்.

“கம்பிய மாத்திடறேன். மேசையையும்...”

“மேசை அங்கயே இருக்கட்டும். கணக்க மட்டும் திருத்துங்க. நான் குண்டு ஏத்தறேன்.”

கடைசித் தகடு. அறை அதிர்ந்து அடங்கியது. திரையில், இரும்பின் எக்ஸ்ரே படத்தில் எப்போதும் விழும் வளையங்களுக்கு நடுவே புதிதாக ஒரு வளையம்: உள்ளே இரும்பு மாறியதன் அடையாளம்.

அவன் குனிந்து பார்த்தான். “இத்தனை வருசமா சிதறினதத்தான் கூட்டி அள்ளியிருக்கேன். உள்ள இப்படியெல்லாம் மாறுதா?”

“அழுத்தம் இருக்கற வரைக்கும்தான். அப்புறம் இரும்பு பழையபடி ஆயிரும்.”

அவன் திரையை விட்டு அவளைப் பார்த்தான்.

“நான் ஆகமாட்டேன் போலிருக்கே...”